கப் ஸ்கவுட் ரேங்க்குகள்: சின்னக் குழந்தைகளுக்கான சாரணத் திட்டம் எப்படி மாறியிருக்கிறது?

ஐந்து வயதுக் குழந்தைக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் ஒரே அமைப்பில் இடம் கொடுத்தால், யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? எதை முடித்தால் பேட்ஜ் தருவது? அமெரிக்காவின் கப் ஸ்கவுட் அமைப்பு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதும் திருத்துவதுமாக இருக்கிறது. கடைசியாக ஒரு பெரிய திருத்தம் 2024 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ரேங்க்குகள், செய்ய வேண்டிய வேலைகள், கையேடுகள் எல்லாமே புதிதாக எழுதப்பட்டன.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பிள்ளைகள் கப் ஸ்கவுட்டில் இருக்கிறார்கள். பெற்றோர்களில் சிலர் ஊரில் படிக்கும்போது சாரணராக இருந்தவர்கள். பெரும்பாலானவர்களுக்கு இது முற்றிலும் புதிது. லயன், டைகர், பாப்கேட், வெபலோஸ் என்று பெயர்களைக் கேட்டதும் தலை சுற்றும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேறு நாட்டில் குழந்தைகளுக்கான குழு நடத்துபவர்களுக்கும், ஒரு திட்டத்தை வயதுக்கு ஏற்றபடி எப்படிப் பிரிப்பது என்று யோசிக்க இது உதவலாம்.

முதலில் அமைப்பு. ஓர் ஊரில், பெரும்பாலும் ஒரு பள்ளியையோ தேவாலயத்தையோ ஒட்டி இயங்கும் முழுக் குழுவுக்குப் பேக் என்று பெயர். அதற்குள் ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்தால் அது ஒரு டென். டென்னை நடத்துபவர் டென் லீடர். அவர் சம்பளம் வாங்குகிறவர் கிடையாது; டென்னில் இருக்கும் ஏதாவது ஒரு குழந்தையின் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருப்பார். பல சமயம், "யாராவது ஒருவர் முன்வந்தால்தான் டென் நடக்கும்" என்று சொன்னதும் கை தூக்கியவர். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் 2024 மாற்றங்களில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

ரேங்க் என்பது வகுப்போடு கட்டிப்போடப்பட்டது. கிண்டர்கார்டன் குழந்தை லயன். ஒன்றாம் வகுப்பு டைகர், இரண்டாம் வகுப்பு வுல்ஃப், மூன்றாம் வகுப்பு பியர், நான்காம் வகுப்பு வெபலோஸ், ஐந்தாம் வகுப்பு ஏரோ ஆஃப் லைட். ஒவ்வொரு ரேங்க்கும் ஒரு கல்வியாண்டுக்கானது. மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளை நேராக பியரில் தொடங்கலாம். லயனும் டைகரும் வுல்ஃபும் முடித்திருக்க வேண்டியதில்லை. திரும்பிப் போய் அவற்றை வாங்கவும் முடியாது. ஆர்வம் அதிகம் என்பதற்காக இரண்டாம் வகுப்புப் பிள்ளை பியருக்குத் தாவவும் முடியாது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு மட்டும் நெகிழ்வு உண்டு.

இது நம்மில் பலருக்கு முதலில் உறுத்தும். கராத்தேயில் வெள்ளை பெல்ட்டுக்குப் பிறகுதான் மஞ்சள், பாட்டில் சரளி வரிசைக்குப் பிறகுதான் கீதம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித்தான் பழக்கம். கப் ஸ்கவுட் ரேங்க் அப்படிப்பட்ட ஏணி இல்லை. அந்த வயதில் அந்த ஆண்டு ஒரு குழந்தை என்னவெல்லாம் செய்து பார்க்கலாம் என்பதற்கான ஒரு வருடத் திட்டம், அவ்வளவுதான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சோதனை முகாம் நடத்தி, சாரண இயக்கத்துக்கு வழி போட்டார். அது பதின்ம வயதை எட்டும் பையன்களுக்கானது. ஆனால் அண்ணன் போகும் இடத்துக்கெல்லாம் தம்பியும் வருவேன் என்று அடம்பிடிப்பான் இல்லையா? அந்தத் தம்பிகளைச் சும்மா ஓரமாக உட்கார வைப்பதா, பெரியவர்களின் வேலையையே அவர்களுக்கும் கொடுப்பதா என்று குழப்பம். இரண்டும் சரிவரவில்லை. 1916-இல் சின்னவர்களுக்கென்றே 'வுல்ஃப் கப்' என்ற தனிப் பிரிவு முறையாகத் தொடங்கப்பட்டது. வீரா பார்க்லே என்ற பெண்மணி அதை உருவாக்குவதில் பேடன் பவலுக்குப் பெரிய துணை. கிப்ளிங்கின் காட்டுக் கதையிலிருந்து ஓநாய்க் கூட்டமும் அதன் தலைவன் அகேலாவும் வந்தன. பெரிய சாரணர்களின் திட்டத்தைச் சுருக்கிக் கொடுக்காமல், கதையும் விளையாட்டும் கலந்த வேறொரு உலகத்தைச் சின்னவர்களுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அது மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. பின்னால் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் கப் பிரிவு 1930-இல் வந்தது. அப்போது ஒன்பது வயது நிரம்பினால்தான் சேர முடியும். பாப்கேட், வுல்ஃப், பியர், லயன் என்று வரிசை. 1949-இல் சேரும் வயது எட்டாகக் குறைந்தது. 1967-இல் லயனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெபலோஸ் வந்தது. 1982-இல் டைகர் சேர்ந்தது. குழந்தையும் ஒரு பெரியவரும் ஜோடியாக வர வேண்டும் என்ற ஏற்பாடு அதோடு வந்தது. 2015-இல் மொத்தத் திட்டமும் 'அட்வென்ச்சர்' என்ற அலகுகளாக மாறியது. 2016-இல் கிண்டர்கார்டன் குழந்தைகளுக்காக லயன் என்ற பழைய பெயர் புதிய வடிவில் சோதனையாகத் திரும்பி வந்து, 2018-இல் நிலைத்தது. அதே 2018-இல் பெண் குழந்தைகளும் கப் ஸ்கவுட்டில் சேரத் தொடங்கினார்கள். ஆக, "எங்கள் காலத்தில் இருந்த திட்டமே நல்ல திட்டம்" என்று யார் சொன்னாலும், எந்தக் காலம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அட்வென்ச்சர் என்பது என்ன? ஒரு தலைப்பைச் சுற்றிய நாலைந்து செயல்களின் தொகுப்பு. ஒன்றிரண்டு கூட்டங்களில் முடித்துவிடலாம். முடித்தால் லயன் முதல் பியர் வரை பெல்ட்டில் கோர்த்துக்கொள்ளும் சின்ன உலோக வளையம் கிடைக்கும். அதை லூப் என்பார்கள். வெபலோஸுக்கும் ஏரோ ஆஃப் லைட்டுக்கும் குத்திக்கொள்ளும் பின். கட்டாய அட்வென்ச்சர்கள் சில, விருப்ப அட்வென்ச்சர்கள் சில. குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் ரேங்க் பேட்ஜ்.

2024-க்கு முன் இந்த எண்ணிக்கையில்தான் சிக்கல். லயனுக்கு ஒரு கணக்கு; டைகர், வுல்ஃப், பியருக்கு வேறு கணக்கு; வெபலோஸுக்கு இன்னொன்று; ஏரோ ஆஃப் லைட்டுக்கு மற்றொன்று. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் இரண்டு விதமான கணக்கு வைத்திருக்க வேண்டும். கட்டாயத் தலைப்புகளும் ரேங்க்குக்கு ரேங்க் மாறின. ஒரு டென்னில் உடற்பயிற்சி கட்டாயமாக இருக்கும்போது இன்னொரு டென்னில் வேறெதுவோ கட்டாயம். வெபலோஸும் ஏரோ ஆஃப் லைட்டும் இரண்டு வருடத்தில் பரவிக் கிடந்ததால், எது எப்போது முடிய வேண்டும் என்பதே பலருக்குப் பிடிபடவில்லை. முதல்முறையாக டென் லீடராகும் ஒரு அப்பா, வேலை முடித்து வந்து இரவு பத்து மணிக்கு அடுத்த நாள் கூட்டத்துக்குத் தயார் செய்வார். அவருக்கு இது சுமை. திட்டம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், நடத்துபவருக்குப் புரியவில்லை என்றால் குழந்தைக்குப் போய்ச் சேராது.

புதிய கணக்கு எல்லா ரேங்க்குக்கும் ஒன்றுதான்: ஆறு கட்டாயம், இரண்டு விருப்பம். மொத்தம் எட்டு. செப்டம்பரில் தொடங்கி மாதம் ஒன்று என்று வைத்தாலும் கல்வியாண்டு முடிவதற்குள் முடிந்துவிடும்.

அந்த ஆறு கட்டாயமும் எல்லா ரேங்க்கிலும் ஒரே ஆறு துறைகளிலிருந்து வருகின்றன: குணமும் தலைமைப் பண்பும், வெளிப்புற வாழ்க்கை, உடல்நலம், குடிமைப் பொறுப்பு, தனிப்பட்ட பாதுகாப்பு, குடும்பமும் இறைப்பற்றும். பெயர்கள் மட்டும் ரேங்க்குக்கு ரேங்க் மாறும். ஐந்து வயதில் ஒரு முறை, ஆறு வயதில் ஒரு முறை என்று ஒவ்வொரு வருடமும் அதே துறைக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் கூடுதல் ஆழத்தில் செய்கிறார்கள்.

இது காகிதத்தில் எளிதாகத் தெரியும். நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு வெளிப்புறத் துறையை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

லயன் குழந்தைக்கு வெளிப்புற அட்வென்ச்சர் என்றால் முக்கியமாக ஒரு நடை. 20 நிமிடம் போதும். வீட்டைச் சுற்றியுள்ள தெருவோ பக்கத்துப் பூங்காவோ எதுவானாலும் சரி. கிளம்பும் முன் 'ஆறு அத்தியாவசியப் பொருட்கள்' என்ன என்று தெரிந்துகொண்டு எடுத்து வைக்க வேண்டும்: முதலுதவிப் பொருட்கள், தண்ணீர் பாட்டில், டார்ச், கொறிக்க ஏதாவது, வெயிலுக்குப் பாதுகாப்பு, விசில். இந்த ஆறும் கடைசிவரை மாறாது. ஐந்து வயதுக் குழந்தையிடம் இந்தப் பட்டியலை ஒப்பிக்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். ஆறு பொருட்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தன் பையில் தானே போடவிட்டுப் பாருங்கள். விசிலை மட்டும் போட மாட்டார்கள், கையிலேயே வைத்திருப்பார்கள். சரி, வைத்திருக்கட்டும். வழி தவறிவிட்டால் ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், விசில் ஊத வேண்டும் என்பதை அப்போதே விளையாட்டாகச் சொல்லிவிடலாம்.

அதே துறை நான்காம் வகுப்பில் இரண்டு மைல் நடையாக வளர்கிறது. வானிலையைப் பார்த்து என்ன உடை, எவ்வளவு தண்ணீர் என்று பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இரவு தங்கும் முகாம். கூடாரம் எங்கே போடுவது என்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஐந்து வயதில் பையில் போட்ட அதே ஆறு பொருட்கள்தான். ஆனால் இப்போது எதற்காக எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கிறார்கள்.

இதில் ஒரு கூடுதல் வசதி. எல்லா டென்னுக்கும் துறைகள் ஒன்றே என்பதால், பேக் முழுவதும் அக்டோபரை வெளிப்புற மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே பூங்காவுக்கு எல்லோரும் போகலாம். லயன்கள் 20 நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள், பெரியவர்கள் இன்னும் தூரம் நடப்பார்கள். இரண்டு பிள்ளைகளை இரண்டு இடத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்து பாப்கேட். இதில்தான் பழைய ஆட்களுக்கு வருத்தம். முன்பு பாப்கேட் என்பது தனி பேட்ஜ். டைகர் முதல் எந்த ரேங்க்கில் சேர்ந்தாலும் முதலில் பாப்கேட் வாங்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே முறைதான். சாரண உறுதிமொழி, சாரணச் சட்டம், வணக்கம், கைகுலுக்கல் எல்லாம் கற்றுக்கொண்டதற்கான முத்திரை. இப்போது பாப்கேட் தனி ரேங்க் கிடையாது. ஒவ்வொரு ரேங்க்கிலும் முதல் கட்டாய அட்வென்ச்சருக்கு அந்தப் பெயர். குணமும் தலைமைப் பண்பும் என்ற துறை அதில்தான் வருகிறது. ஆக, லயனில் தொடங்கும் குழந்தை ஆறு முறை பாப்கேட் செய்யும்.

இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். சாரணச் சட்டத்தில் பன்னிரண்டு குணங்கள் இருக்கின்றன: நம்பகமானவர், விசுவாசமானவர், உதவுபவர், நட்பானவர் என்று போகும். ஏழு வயதில் ஒரு முறை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு பேட்ஜ் வாங்கிக்கொண்டால், பத்து வயதில் அதில் என்ன மிஞ்சும்? லயன் பாப்கேட்டில் மனப்பாடமே கிடையாது. பெரியவர் சட்டத்தைப் படித்துக் காட்டுவார், நட்பாக இருப்பது என்றால் என்ன என்று குழந்தை தனக்குத் தெரிந்தபடி காட்ட வேண்டும். ஐந்து வயதில் "என் பொம்மையை அவனுக்குக் கொடுப்பேன்" என்பதுதான் பதில். அது போதும். வயது ஏற ஏற மனப்பாடமும் பொருளும் கூடிக்கொண்டே வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு, எல்லோரும் ஒதுக்கும் ஒருவனோடு போய்ச் சேர்ந்து உட்காருவது நட்பில் சேருமா என்ற கேள்வியே முன்னால் வந்து நிற்கும். ஒரே சொல்லுக்கு வருடந்தோறும் திரும்பி வரும்போதுதான் அது வளரும். அதோடு, நான்காம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, "இவர்களெல்லாம் முன்பே பாப்கேட், நான் மட்டும் இல்லை" என்று தனியாக நிற்க வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் எல்லோருமே பாப்கேட் செய்கிறார்கள்.

மூன்றாவது பெரிய மாற்றம், வெபலோஸும் ஏரோ ஆஃப் லைட்டும் பிரிந்தது. முன்பு நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வருடமும் வெபலோஸ் என்றே அழைக்கப்பட்டு, அதற்குள் இரண்டு ரேங்க்குகளையும் முடித்தார்கள். இப்போது நான்காம் வகுப்பு வெபலோஸோடு முடிகிறது, ஐந்தாம் வகுப்பு முழுக்க ஏரோ ஆஃப் லைட். இந்தக் கடைசி வருடம் பெரிய சாரணர் குழுவுக்குப் போவதற்கான தயாரிப்பு. அங்கே பிள்ளைகளே தலைவரைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளே திட்டமிட்டு நடத்துவார்கள். அதனால் இங்கேயும் அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். முதலுதவி இந்த வருடத்தின் கட்டாய அட்வென்ச்சர்களில் ஒன்று. கப் ஸ்கவுட்டில் வாங்கும் ரேங்க் பேட்ஜ்களில் பெரிய சாரணர் சீருடையிலும் அணிந்துகொள்ளக் கூடியது ஏரோ ஆஃப் லைட் மட்டும்தான்.

விருப்ப அட்வென்ச்சர்கள் பக்கம் வருவோம். பிள்ளைகளுக்கு உண்மையில் ஆசை இங்கேதான். மீன்பிடித்தல், நீச்சல், சைக்கிள், சமையல், விண்வெளி, கைவினை என்று ஒவ்வொரு ரேங்க்குக்கும் நிறைய இருக்கின்றன. குறைந்தது இரண்டு செய்ய வேண்டும், எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம்.

இதில் பைன்வுட் டெர்பியைச் சொல்லாமல் விட முடியாது. கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்ற கப்மாஸ்டர், அதாவது பேக்கின் தலைவர், இருந்தார். பிள்ளைகள் தாங்களே ஓட்டிச் செல்லும் சோப் பாக்ஸ் டெர்பி பந்தயத்தில் கலந்துகொள்ள அவருடைய பத்து வயது மகனுக்கு வயது போதவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளும் செய்யக்கூடியதாக ஒரு பந்தயம் வேண்டும் என்று யோசித்து, 1953-இல் மரத்தாலான குட்டிக் கார்களைச் சரிவான தடத்தில் விடும் போட்டியைத் தொடங்கினார். இன்றைக்கும் அதேதான். ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சாக நான்கு ஆணிகள். எடை ஐந்து அவுன்ஸைத் தாண்டக் கூடாது, அதாவது கிட்டத்தட்ட 142 கிராம். வீட்டில் இழைத்து, வண்ணம் பூசி, எடை போட்டுப் பார்த்து, குறைந்தால் ஏதாவது ஒட்டி, கூடினால் சுரண்டி எடுத்து, போட்டியன்று தராசில் வைக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

புதிய திட்டத்தில் இந்தப் பந்தயத்துக்கென எல்லா ரேங்க்கிலும் ஒரு விருப்ப அட்வென்ச்சர் வைத்திருக்கிறார்கள். லயனுக்கு என்ன வடிவம் வேண்டும் என்று முடிவு செய்வதும் வண்ணம் பூசுவதும் பெரிய வேலை. பெரிய பிள்ளைகள் எடை எங்கே இருந்தால் வேகம் கூடும் என்று ஆராய்வார்கள். எப்படியும் பேக் முழுவதும் ஓடப்போகும் பந்தயம், அதை ரேங்க்குக்குள் கொண்டுவந்தது புத்திசாலித்தனம்.

கத்தி விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டதும் நம் பெற்றோர் திடுக்கிடுவார்கள். மூன்றாம் வகுப்பு பியருக்கு, மரம் செதுக்கும் விருப்ப அட்வென்ச்சரில் மடக்குக் கத்தி உண்டு. அதற்குக் கீழே இல்லை. முதலில் மூடிய கத்தியைக் கையில் பிடித்து, கையை முழுதாக நீட்டி, சுற்றிலும் ஒரு வட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் யாரும் இல்லை என்றால்தான் கத்தியைத் திறக்கலாம். யாராவது உள்ளே வந்தால் உடனே நிறுத்தி மூட வேண்டும். செதுக்கும்போது விளிம்பு எப்போதும் உடம்பை விட்டு வெளியே போக வேண்டும். பழகுவதற்குக் குளிக்கும் சோப்புதான் நல்லது, மரம் அப்புறம். விதியை மீறினால் கத்தியைக் கையாளும் அனுமதியை இழக்க நேரிடும் என்பதும் பிள்ளைக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையிடம், "உன்னை நம்பி இதைக் கொடுக்கிறோம்" என்று சொல்லும் இடம் இது. ஐந்து வயதில் கொடுத்தால் அது ஆபத்து. பன்னிரண்டு வயதுவரை கொடுக்காமலே வைத்திருந்தால், வீட்டு அலமாரியிலிருந்து தானே எடுத்துப் பார்ப்பான். வயதறிந்து பிரிப்பது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தனிப்பட்ட பாதுகாப்பு என்ற துறை ஒவ்வொரு வருடமும் கட்டாயமாக இருப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். தன் உடம்புக்கு எது சரியில்லை என்று தோன்றுகிறதோ அதை நம்பகமான பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கற்பிக்கும் காணொளியை, அந்தந்த வயதுக்கு ஏற்றபடி, பெற்றோர் அனுமதியோடு பார்ப்பது அதில் ஒரு வேலை. இந்த அமைப்பின் கடந்த காலத்தை மறைத்துவிட்டு இதைப் பேசக் கூடாது. பல பத்தாண்டுகளில் நடந்த பாலியல் துன்புறுத்தல்கள் தொடர்பாக வழக்குகள் குவிந்து, அமைப்பு 2020-இல் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. 80,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாக முறையிட்டார்கள். சுமார் 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டத்தை நீதிமன்றம் ஏற்றது. பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் எவரும் இதைத் தெரிந்துகொண்டு சேர்ப்பதே முறை. இன்றைய விதிப்படி எந்தச் செயல்பாட்டிலும் பதிவு பெற்ற பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். தன் பிள்ளை அல்லாத ஒரு குழந்தையோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. தலைவர்கள் எல்லோருக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். நீங்கள் போகும் பேக்கில் இது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு பேக் தேடுங்கள்.

குடும்பமும் இறைப்பற்றும் என்ற துறையைப் பார்த்ததும், இது கிறிஸ்தவ அமைப்பா என்று சிலர் தயங்குவார்கள். எந்த மதம், எப்படிக் கும்பிடுவது என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்கிறது. பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கும்போது அவரோடு கோயிலுக்குப் போய்வருவதையோ, நோன்புக் காலத்தில் வீட்டில் என்ன செய்கிறோம் என்பதையோ டென்னில் வந்து சொல்லலாம். இதைத் தவிர, மத அமைப்புகள் தனியாக வழங்கும் விருதுகளும் இருக்கின்றன. கப் ஸ்கவுட் வயதில் இந்துக் குழந்தைகளுக்கு 'தர்மா', இஸ்லாமியக் குழந்தைகளுக்கு 'பிஸ்மில்லா', கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு 'லைட் ஆஃப் கிரைஸ்ட்' போன்றவை. இவை ரேங்க்குக்குக் கட்டாயம் இல்லை.

இத்தனை விதிகளையும் படித்தபிறகு, இதையெல்லாம் யார் சரிபார்ப்பது, எவ்வளவு நன்றாகச் செய்தால் பாஸ் என்ற கேள்வி வரும். கப் ஸ்கவுட்டின் தாரக மந்திரம் "உன்னால் முடிந்ததைச் செய்." தேர்ச்சிக்கான அளவும் அதுவே. ஒரு குழந்தை பத்து முறை பந்தைப் பிடிக்கும், இன்னொன்று இரண்டு முறைதான் பிடிக்கும். இருவரும் முயன்றிருந்தால் இருவருக்கும் அந்த வேலை முடிந்தது. பெரிய சாரணர் பிரிவில் கணக்கு வேறு. அங்கே முடிச்சுப் போடத் தெரிய வேண்டும் என்றால் தெரிந்தே ஆக வேண்டும். சின்னவர்களுக்கு அப்படி இல்லை. 2024 மாற்றத்திலும் இது தொடப்படவில்லை, தொடவும் கூடாது. நம் வீடுகளில் மதிப்பெண் பழக்கம் கொஞ்சம் ஊறிப்போயிருக்கிறது. "பக்கத்து வீட்டுப் பையன் பதினாறு லூப் வாங்கியிருக்கிறான், நீ எட்டுதானா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாலும் குழந்தைக்கு இதுவும் இன்னொரு டியூஷனாகிவிடும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

லயனிலும் டைகரிலும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் குழந்தையோடு வர வேண்டும். கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக முடியாது. அம்மா, அப்பாதான் என்று இல்லை, தாத்தா பாட்டியும் வரலாம். ஆங்கிலம் சரளமாகப் பேச வராத தாத்தாவுக்கும் மரக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தெரியும்.

சேர நினைப்பவர்கள் முதலில் பணம் கட்டாமல் ஒரு டென் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான பேக்குகள் மகிழ்ச்சியாக அனுமதிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்களா, எழுந்து ஏதாவது செய்கிறார்களா என்று கவனியுங்கள். வருடச் செலவு எவ்வளவு, சீருடையில் எதெல்லாம் கட்டாயம், முகாம் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீருடைச் சட்டையைக் கொஞ்சம் பெரிதாக வாங்கினால் இரண்டு மூன்று வருடம் தாங்கும்.

வருட நடுவில் சேர்ந்தாலும் பரவாயில்லை. பிப்ரவரியில் வுல்ஃபாகச் சேரும் பிள்ளை, பாப்கேட்டில் தொடங்கி, டென் செய்வதில் கலந்துகொண்டு, விட்டுப்போனவற்றை வீட்டில் செய்து, கோடை விடுமுறைக்குள் எட்டையும் முடித்துவிடலாம். முடிக்காவிட்டால், வகுப்பு மாறும்போது வுல்ஃப் பேட்ஜ் இல்லாமலே பியருக்குப் போவான். செய்த அட்வென்ச்சர்களின் லூப்புகள் அவனுடையவைதான். பியரின் பாப்கேட்டை டென்னில் உள்ள மற்றவர்களும் அப்போதுதான் தொடங்கியிருப்பார்கள்.